கறுப்புத் திரை பதில்கள்: சான்றிதழுக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

போன இதழில், "சான்றிதழ் கோப்பில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கறுப்புத் திரையில் நீங்களே திறந்து படித்துவிடலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சான்றிதழ் என்றால், இந்தத் தளம் அல்லது ஆள் இன்னார்தான் என்று உறுதி சொல்லும் கணினிக் கோப்பு. கறுப்புத் திரை என்றால், கட்டளைகளைத் தட்டும் சன்னல். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாத இடத்தை நிரப்பிவிட்டன.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை நான் போனில் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒரு கல்லூரிக் கணினி மையத்தில் 22 வருஷம் சர்வர் பார்த்தவள் நான். கிளைக் கல்லூரிகளின் வேலை பாதி போனில்தான் ஓடியது. "ஓப்பன்எஸ்எஸ்எல், இடைவெளி, எக்ஸ்509, இடைவெளி, மைனஸ் இன்..." என்று நான் சொல்லச் சொல்ல எதிர்முனையில் தட்டுவார்கள். நீங்களும் அப்படியே ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாகத் தட்டிக்கொள்ளுங்கள். சான்றிதழைப் படித்துக் காட்டும் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல், லினக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ்காரர்கள் 'கிட்' என்ற மென்பொருளை நிறுவினால் கூடவே வந்துவிடும்.

கேள்வி: அக்கா, எங்களுக்குப் பூட்டு மொத்த வியாபாரம். கடையின் இணையதளத்துக்குச் சான்றிதழ் வாங்கினோம். .சிஆர்டி, .சிஇஆர், .பி7பி என்று மூன்று கோப்பு அனுப்பினார்கள். நோட்பேடில் திறந்தால் ஒன்றில் புரியாத எழுத்து வரிசை, இன்னொன்றில் சுத்தக் குப்பை. கோப்பு கெட்டுப்போய்விட்டதா? – வாசகர், திண்டுக்கல்

பூட்டு ஊரிலிருந்தே உலாவியின் பூட்டுப் படத்துக்குக் கேள்வி வந்ததில் சந்தோஷம். எதுவும் கெடவில்லை. ஒரே சான்றிதழ் வேறு வேறு உடுப்பில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சான்றிதழ் என்பது உள்ளுக்குள் வெறும் பைட்டு வரிசை. அதை அப்படியே சேமித்தால் அதற்குப் பெயர் டெர். நோட்பேட் அதை எழுத்து என்று நினைத்துப் படிக்கப் பார்த்து உளறும். அந்த உளறலின் தொடக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பூஜ்யமும், அதன் காலடியில் காற்புள்ளி மாதிரி ஒரு குறியும் இருக்கும். பதினறும எண்ணில் 30, 82. "இங்கே ஒரு தொகுப்பு தொடங்குகிறது, அதன் நீளம் அடுத்த இரண்டு பைட்டில் இருக்கிறது" என்பதுதான் அதன் பொருள்.

இதே பைட்டுகளை 64 வகை எழுத்துகளை மட்டும் வைத்து மாற்றி எழுதினால் அது பெம். மேலே ஐந்து சிறுகோடு, 'பிகின் சர்ட்டிஃபிகேட்', மறுபடி ஐந்து சிறுகோடு. கீழே அதேபோல் 'எண்ட்' வரி. நடுவில் வரிக்கு 64 எழுத்து. அந்த நடுப்பகுதி எம், ஐ, ஐ என்றுதான் ஆரம்பிக்கும். ஏனென்றால் நோட்பேடில் நீங்கள் பார்த்த அதே பூஜ்யமும் காற்புள்ளியும் இந்த உடுப்பில் இப்படித்தான் தெரியும். 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலை ரகசியமாக அனுப்ப ஒரு ஏற்பாடு செய்தார்கள். பெம் அந்த ஏற்பாட்டின் பெயர்ச்சுருக்கம். அஞ்சல் திட்டம் எடுபடவில்லை, அதன் உடுப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, படிப்போம்:

ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன் கடை.சிஆர்டி -நோஅவுட் -சப்ஜெக்ட் -இஷ்யூவர் -டேட்ஸ்

'சப்ஜெக்ட்' யாருக்குக் கொடுத்தது, 'இஷ்யூவர்' யார் கொடுத்தது, 'டேட்ஸ்' எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. 'நோஅவுட்' போடாவிட்டால் அந்த எழுத்து வரிசை முழுவதையும் திரும்பத் திரையில் கொட்டும். குப்பையாகத் தெரிந்த .சிஇஆர் கோப்புக்கு '-இன்ஃபார்ம் டெர்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த 3.0 பதிப்பு முதல் அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. பழையதில் சேர்க்காவிட்டால் 'நோ ஸ்டார்ட் லைன்' என்று கோபித்துக்கொள்ளும். 'பிகின்' வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது, பாவம்.

கோப்பின் வால்பெயரை மட்டும் நம்பாதீர்கள். .சிஆர்டி என்ற பெயரில் டெரும் வரும், .சிஇஆர் என்ற பெயரில் பெம்மும் வரும். .பி7பி கொஞ்சம் வேறு. அது சான்றிதழ்களின் கட்டு, அதில் ரகசியச் சாவி இருக்காது. அதற்கு:

ஓப்பன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்7 -இன் கடை.பி7பி -பிரிண்ட்_சர்ட்ஸ் -நோஅவுட்

கடைசியாக ஒன்று. 'சப்ஜெக்ட்' வரியில் கடைப் பெயர் சரியாக இருக்கிறதே என்று திருப்தியாகிவிடாதீர்கள். 2017இல் வந்த குரோம் 58 முதல் உலாவி அந்த வரியில் உள்ள பெயரைப் பொருட்படுத்துவதில்லை. 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' என்ற பட்டியலைத்தான் பார்க்கிறது. '-நோஅவுட் -டெக்ஸ்ட்' போட்டு முழுவதையும் விரித்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். மூன்று டபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விற்றவரை இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: சான்றிதழைப் பத்து நாள் முன்னாலேயே புதுப்பித்து சர்வரில் வைத்துவிட்டோம். கோப்பைப் படித்தால் புதுத் தேதிதான் காட்டுகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் 'பாதுகாப்பற்றது' என்று தளம் நின்றுவிட்டது. எப்படி? – வாசகி, ஈரோடு

அம்மா, இது எனக்கே நடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். கல்லூரி விண்ணப்பம் முழுக்க இணையதளத்தில். சுவர்க் காலண்டரில் காலாவதித் தேதிக்கு வட்டம் போட்டு, முன்னதாகவே புதுக் கோப்பை வைத்து, திறந்து படித்தும் பார்த்துவிட்டேன். வட்டம் போட்ட நாள் முடிந்து மறுநாள் காலை 5:35க்கு விடுதிக் காப்பாளர் கூப்பிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு அப்பா மகளுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு எச்சரிக்கை வந்ததும் கிடைத்த நம்பருக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். நான் பல்கூடத் தேய்க்கவில்லை.

இரண்டு விஷயம் அன்றைக்குப் புரிந்தது. கோப்பு வேறு, சர்வர் வெளியே நீட்டுவது வேறு. என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர்கள் சான்றிதழைத் தொடங்கும்போது ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். 'மறுபடி படி' என்று ரீலோட் கொடுக்கிறவரை பழையதையேதான் நீட்டும். நான் கோப்பை மாற்றினேன், ரீலோட் கொடுக்க மறந்துபோனேன். ஆகவே கோப்பைப் படித்தால் போதாது, வாசலில் நின்றும் படிக்க வேண்டும்:

எக்கோ | ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட் தளப்பெயர்:443 -சர்வர்நேம் தளப்பெயர் | ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -நோஅவுட் -சீரியல் -டேட்ஸ்

நடுவில் வருவது நெட்டுக்கோடு. முன்னால் 'எக்கோ' இல்லாவிட்டால் இணைப்பு திறந்தே கிடக்கும். திரை உறைந்துவிட்டது என்று பயந்து கணினியையே அணைத்தவர்களை எனக்குத் தெரியும். வரும் 'சீரியல்' எண்ணையும், உங்கள் கோப்பைப் படித்தால் வரும் 'சீரியல்' எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் ரீலோட் பாக்கி இருக்கிறது.

இரண்டாவது, ஏன் விடியற்காலை? ஓப்பன்எஸ்எஸ்எல் காட்டும் நேரம் ஜிஎம்டி. '23:59:59 ஜிஎம்டி' என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் காலை 5:29:59. எல்லாரும் தூங்கும் நேரத்தில் சாகும், காலைக் காபிக்கு முன் போன் வரும்.

வட்டம் போடும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம். '-நோஅவுட் -செக்எண்ட் 2592000' என்று போட்டால், இன்னும் 30 நாளுக்குள் காலாவதி ஆகுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். அந்த எண் 30 நாளின் நொடிக் கணக்கு. இதைத் தினமும் ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் நிரலான கிரானில் போட்டு, 'ஆகும்' என்றால் உங்களுக்கு மெயில் வரச் செய்யுங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலிருந்து காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. போதாததற்கு, இணையதளச் சான்றிதழ்களின் ஆயுளுக்கு 398 நாளாக இருந்த உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. 47 நாளுக்கு ஒருமுறை காலண்டரில் வட்டம் போட யாரால் முடியும்?

கேள்வி: எங்கள் தளம் கணினியில் நன்றாகத் திறக்கிறது. எங்கள் ஆண்ட்ராய்டு செயலி மட்டும் 'சான்றிதழ் நம்பகமில்லை' என்கிறது. செயலி எழுதிய தம்பி சர்வரைக் குறை சொல்கிறார், சர்வர் பார்க்கிறவர் செயலியைக் குறை சொல்கிறார். – வாசகர், ஓசூர்

தம்பி சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இடம் வாங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உங்கள் பெயரில் உள்ள பத்திரத்தை மட்டும் காட்டினால் வங்கிக்காரர் ஒத்துக்கொள்வாரா? "தாய்ப்பத்திரம் எங்கே?" என்பார். சான்றிதழிலும் அதே கதை. உங்கள் தளச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது ஓர் இடைநிலைச் சான்றிதழ். அதில் கையெழுத்துப் போட்டது மூலச் சான்றிதழ். மூலம் போனிலேயே இருக்கிறது. உங்கள் பத்திரத்தையும் இடைநிலைத் தாய்ப்பத்திரத்தையும் சர்வர்தான் சேர்த்து நீட்ட வேண்டும். கணினி உலாவிகள் தாராள மனசுக்காரர்கள். ஃபயர்ஃபாக்ஸ் இடைநிலைச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும், மற்றவை சான்றிதழில் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் எடுத்துவரும். செயலிகள் அப்படி அலைவதில்லை.

மேலே சொன்ன 'எஸ்_கிளையண்ட்' கட்டளையை, இரண்டாவது நெட்டுக்கோட்டிலிருந்து வரும் பின்பாதி இல்லாமல் ஓட்டுங்கள். 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' 0 என்றால் சரி. 21 என்றால், என்னைப் பொறுத்தவரை முதல் சந்தேகம் தாய்ப்பத்திரம் மேல்தான்.

அடுத்து கோப்பு. எக்ஸ்509 கட்டளைக்கு ஒரு கெட்ட பழக்கம்: கோப்பில் நாலு சான்றிதழ் இருந்தாலும் முதலாவதை மட்டும் படித்துவிட்டு எழுந்து போய்விடும். அதைப் பார்த்து 'ஒன்றுதான் இருக்கிறது' என்றோ 'எல்லாம் சரி' என்றோ முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றையும் பார்க்கக் கொஞ்சம் சுற்று வழி:

ஓப்பன்எஸ்எஸ்எல் சிஆர்எல்2பிகேசிஎஸ்7 -நோசிஆர்எல் -சர்ட்ஃபைல் முழுசு.பெம் | ஓப்பன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்7 -பிரிண்ட்_சர்ட்ஸ் -நோஅவுட்

ஒவ்வொன்றுக்கும் சப்ஜெக்ட், இஷ்யூவர் என்று ஜோடி ஜோடியாக வரும். முதல் ஜோடி உங்கள் தளம். அதன் 'இஷ்யூவர்' அடுத்த ஜோடியின் 'சப்ஜெக்ட்' ஆக இருக்க வேண்டும், அப்படியே கோத்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு கோப்பை ஒட்டி ஒன்றாக்கியிருந்தால் ஒட்டிய இடத்தைக் கண்ணால் பாருங்கள். முதல் கோப்பின் கடைசியில் வரி முடிவு இல்லாவிட்டால் 'எண்ட்' வரியும் 'பிகின்' வரியும் நடுவில் பத்துச் சிறுகோட்டுடன் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பல நிரல்கள் சீரணிக்காது. ஒரு எண்டர் தட்டினால் தீர்ந்தது. இந்த ஒரு எண்டருக்காக நான் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

நம் பக்கம் தவறே இல்லாமலும் இப்படி வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்ற பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் வைத்திருந்த தளங்கள் ஒழுங்காக இருந்தும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் உள்ள கருவிகள் முரண்டு பிடித்தன. உங்கள் செயலி எல்லாப் போனிலும் திணறினால் சர்வர். பழைய போன்களில் மட்டும் திணறினால் போனில் இருக்கும் மூலப்பட்டியல்.

கேள்வி: பழைய விண்டோஸ் சர்வரிலிருந்து எடுத்த ஒரு .பிஎஃப்எக்ஸ் கோப்பு. பாஸ்வேர்டு சரிதான், ஆனால் புது உபுண்டு லினக்ஸில் திறந்தால் 'அன்சப்போர்ட்டட்' என்கிறது. கோப்பை ஏற்றினால் படித்துச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றனவாமே, அதில் போடலாமா? – வாசகர், நாகர்கோவில்

போடாதீர்கள். சான்றிதழ் ஊருக்கே காட்டுகிற பொருள், யார் பார்த்தாலும் பாதகமில்லை. .பிஎஃப்எக்ஸ் அப்படி இல்லை, அதற்குள் உங்கள் தனிச்சாவியும், அதாவது யாருக்கும் காட்டக் கூடாத ரகசியச் சாவியும், சேர்ந்து கிடக்கிறது.

பழைய விண்டோஸ் அதை ஆர்சி2 என்ற அரதப் பழைய முறையில் பூட்டியிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதைச் சும்மா கேட்டால் திறக்காது. '-லெகசி' சேருங்கள்:

ஓப்பன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்12 -இன் பழசு.பிஎஃப்எக்ஸ் -லெகசி -நோகீஸ் -சிஎல்சர்ட்ஸ் | ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -நோஅவுட் -சப்ஜெக்ட் -டேட்ஸ்

'நோகீஸ்' முக்கியம். அது இல்லாவிட்டால் சாவியையும் சேர்த்து எடுத்துக் கொடுக்கும்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸில் வேலை. டிராயர் நிறைய கிளையண்ட்களின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) யூஎஸ்பி டோக்கன். யாருடையது எப்போது காலாவதி என்று ஒவ்வொன்றாக மென்பொருளைத் திறந்து பார்ப்பது நாள் வேலை. சில டோக்கனில் ஒரே பெயரில் இரண்டு சான்றிதழ் வேறு! – வாசகி, சேலம்

உங்கள் விண்டோஸிலேயே 'சர்ட்யூட்டில்' என்று ஒன்று இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். டோக்கனைச் செருகி, அதன் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டளைத் திரையில்:

சர்ட்யூட்டில் -யூசர் -ஸ்டோர் மை

பெயர், கொடுத்தவர், 'நாட்ஆஃப்டர்' தேதி எல்லாம் வரிசையாக வரும். இது நம்மூர் நேரத்தையே காட்டும். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டியதில்லை. ஒரு டோக்கனுக்குப் பத்து நொடி. பார்த்த கையோடு டோக்கனின் முதுகில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டித் தேதியை எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன், எக்செல் எல்லாம் அப்புறம்.

ஒரே பெயரில் இரண்டு இருப்பது தப்பில்லை. ஒன்று கையெழுத்துக்கு, இன்னொன்று பூட்டி அனுப்ப. இ-டெண்டர் போடுகிறவர்கள் இரண்டையும் வாங்குவார்கள். எது எது என்று தெரிய, இரண்டையும் .சிஇஆர் கோப்பாக ஏற்றுமதி செய்து 'சர்ட்யூட்டில் -டம்ப்' கொடுத்து 'கீ யூசேஜ்' வரியைப் படியுங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர், நான்-ரிப்யூடியேஷன்' என்றால் கையெழுத்துக்கானது. 'கீ என்சைஃபர்மெண்ட்' மட்டும் என்றால் பூட்டுவதற்கு. ஏற்றுமதியில் சான்றிதழ்தான் வெளியே வரும். சாவி டோக்கனைவிட்டு வராது, டோக்கன் கொடுப்பதன் நோக்கமே அதுதான்.

கூடவே 'இஷ்யூவர்' வரியையும் பாருங்கள். அங்கிருந்து மேலே மேலே ஏறினால் கடைசியில் 'சிசிஏ இந்தியா' என்ற பெயரும் ஒரு வருஷமும் வரும். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த கட்டுப்பாட்டு அதிகாரியின் மூலச் சான்றிதழ் அது. நம்மூர் டிஎஸ்சிக்கெல்லாம் தாய்ப்பத்திரம் அங்கேதான்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' என்று சொல்லிக் கிளம்ப மறுக்கிறது. – வாசகர், தஞ்சாவூர்

சாவி ஒன்று, சான்றிதழ் வேறொன்று. இரண்டிலிருந்தும் பொதுச்சாவியை எடுத்து ஒப்பிடுங்கள்:

ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன் தளம்.சிஆர்டி -நோஅவுட் -பப்கீ
ஓப்பன்எஸ்எஸ்எல் பிகீ -இன் தளம்.கீ -பப்அவுட்

இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால், பெரும்பாலும் புதுப்பிக்கும்போது புதுச் சாவி உருவாக்கிவிட்டுப் பழைய சாவியைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சர்வரில் அந்தத் தேதியை ஒட்டி உருவான .கீ கோப்புகளைத் தேடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். முழுச் சங்கிலிக் கோப்பை ஒட்டும்போது இடைநிலையை முதலிலும் தளத்தைப் பின்னாலும் வைத்தாலும் இதே பிழைதான் வரும்.

கேள்வி: எங்கள் வாசகசாலைத் தளத்துக்கு '.இலங்கை' என்று முடியும் தமிழ்ப் பெயர் வாங்கினோம். சான்றிதழைத் திறந்து பார்த்தால் தமிழே இல்லை, ஏதோ ஆங்கிலக் கிறுக்கல் இருக்குது. பிழையான சான்றிதழைத் தந்துவிட்டார்களோ? – வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை, அது உங்கள் பெயர்தான். இணையப் பெயர்கள் இன்னமும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்திலேயே பயணம் செய்கின்றன. தமிழ்ப் பெயரை ப்யூனிகோட் என்ற முறையில் மாற்றி, முன்னால் 'எக்ஸ்என்' என்று போட்டு இரண்டு சிறுகோடு இடுவார்கள். உலாவி அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டும், ஓப்பன்எஸ்எஸ்எல் காட்டாது. சந்தேகம் தீர லினக்ஸில் 'ஐடிஎன்2 -டி' என்று தட்டி, இடைவெளி விட்டு, சான்றிதழில் இருக்கும் அந்தக் கிறுக்கலை அப்படியே ஒட்டுங்கள். உங்கள் தமிழ்ப் பெயர் திரும்பி வரும்.

நிறுவனப் பெயரைத் தமிழில் எழுதி வாங்கிய சான்றிதழ் என்றால் கதை வேறு. அங்கே தமிழ் தமிழாகவே சேமிக்கப்பட்டிருக்கும், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகள்தான் அதைச் சாய்கோடும் எண்களுமாக உடைத்துக் காட்டும். இ0 ஏஇ, இ0 ஏஎஃப் என்று மறுபடி மறுபடி வருகிறதா? தமிழ் எழுத்துகள் எல்லாமே யூடிஎஃப்-8இல் அந்த இரண்டில் ஒன்றில்தான் ஆரம்பிக்கும். கட்டளையின் கடைசியில் '-நேம்ஆப்ட் யூடிஎஃப்8' சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், வாசகசாலைப் பெயரை அப்படியே வாசிக்கலாம்.